மடத்துப் பள்ளிக்கூட மைதானம் வளர்ந்த வருஷம்

செந்தேரிவிளை மடத்துப் பள்ளிக்கூடத்து மைதானம் வளரத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தவள் ஜெசிந்தா, அதற்குக் காரணம் அவளுடைய கெட்டிக்காரத்தனம் இல்லை, பயம். ஏழாம் மாதத்திலேயே பிறந்து இருபத்தெட்டு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையின் மூச்சை வெளியில் நின்று எண்ணிப் பழகியவள், அவன் எட்டு வயதாகி மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் எண்ணுவதை விடவில்லை, இருமினால் இருமலை எண்ணினாள், தூங்கினால் விலாவின் ஏற்ற இறக்கத்தை எண்ணினாள், மத்தியானம் சோற்றுத் தூக்கோடு போகும்போது கேட்டிலிருந்து பள்ளிக்கூட வராந்தாப் படி வரைக்கும் தன் காலடிகளை எண்ணினாள், மூன்று வருஷமாக நூற்றுப் பன்னிரண்டாக இருந்த அந்தக் கணக்கு ஆடி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை நூற்று இருபத்தொன்று ஆனது.

அந்த ஊரில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்தியானம் அம்மாமார்தான் போய் ஊட்டவேண்டும் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். பன்னிரண்டரைக்கு கேட் திறந்ததும் முப்பது நாற்பது பெண்கள் தூக்கும் தண்ணீர்ப் போத்தலுமாக உள்ளே போய், வராந்தாப் படிகளில் ஆளுக்கொரு இடம் பிடித்து, பிசைந்த சோற்றை உருட்டி உருட்டிப் பிள்ளைகளின் வாயில் வைத்துவிட்டு, அப்படியே ஊர்க் கதையும் பேசி முடித்து ஒன்றரைக்கு வெளியே வருவார்கள். அன்றைக்கு ஜெசிந்தா தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முப்பிடாதியிடம் சொன்னாள். முப்பிடாதிக்கு அதே மூன்றாம் வகுப்பில் இரட்டைப் பெண்பிள்ளைகள், இரண்டு கையாலும் ஊட்டுகிறவள்.

"எக்கா, நேத்தைக்கு விட இன்னைக்கு ஒம்பது எட்டு கூட இருக்கு."

"ஏளா, ஒனக்குச் செருப்பு தேஞ்சுபோச்சு. கால அகட்டி வைக்கப் பயந்து நடக்க. சோறு ஆறுது, பிள்ளைக்குக் குடு."

சிஸ்டர் பெனிட்டா அந்த ஜூன் மாதம்தான் தலைமையாசிரியையாக வந்திருந்தார், வயது முப்பதுக்கு மேல் இராது, பேச்சு குறைவு, நடை வேகம். அதற்கு முன்னால் அந்த மைதானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும், சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் முட்டி போட்டுக் கோரையைப் பிடுங்கி, பெருக்கி, குவித்து, எரித்து, செம்மண் மட்டும் மிஞ்சும்படி வைத்திருப்பார்கள். ஜெசிந்தாவே அங்கே படித்த காலத்தில் கோரை பிடுங்குவதில் பரிசாக மாதா படம் வாங்கியவள். பெனிட்டா வந்த முதல் சனிக்கிழமை விளக்குமாறுகளை எல்லாம் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, இனிமேல் பெருக்க வேண்டாம், வருகிறது வரட்டும் என்றார். முதல் மழைக்குத் தும்பை வந்தது, நெருஞ்சி வந்தது, குப்பைமேனியும் எருக்கும் ஆவாரையும் வந்தன, அவற்றைத் தின்கிறவை வந்தன, தின்கிறவற்றைத் தின்கிறவையும் வந்தன. வியாழக்கிழமை மத்தியானம் வகுப்பு வெளியில்தான். பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒரே ஒரு நீள நோட்டு, அதில் பிள்ளைகள் பார்த்த உயிரை எழுதவேண்டும், கண்ணால் பார்த்ததைத்தான் எழுதவேண்டும், கேட்டதை எழுதக்கூடாது, பெயர் தெரியாவிட்டால் எப்படி இருந்தது, என்ன செய்தது என்று எழுதினால் போதும். சின்னப் பிள்ளைகள் என்பதால் எல்லாம் பென்சிலில்தான். ஜெசிந்தாவின் மகன் நேவிஸுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆகவே எல்லாரும் சொல்ல நோட்டில் எழுதுகிறவன் அவன், சனி ஞாயிறு வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த பக்கங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டு வருகிறவனும் அவன்.

அந்த வாரம் நோட்டில் ஒன்பது வரி இருந்தது. கட்டெறும்பு, செத்த ஈயைத் தூக்கிக்கொண்டு போனது. மண்புழு, தொட்டால் சுருங்கியது. இப்படி ஒன்பதும் சின்னச் சின்ன உயிர்கள். அடுத்த வாரம் யாரோ ஓணானைப் பார்த்தார்கள், அதற்கு மட்டும் நான்கு காலடி கூடியது. கீரிப்பிள்ளையை எழுதிய வெள்ளிக்கிழமை ஒரு பர்லாங் கூடியது, பருந்தை எழுதிய வெள்ளிக்கிழமை முக்கால் மைல். எந்த உயிருக்கு எவ்வளவு நடமாட்டமோ அவ்வளவு இடத்தை மைதானம் தானே உண்டாக்கிக்கொண்டது என்பதை, காலடியையும் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த ஜெசிந்தா ஒருத்திதான் அறிந்திருந்தாள், அறிந்ததைப் புருஷனிடம் மட்டும் சொன்னாள். ராயப்பன் மினிபஸ் ஓட்டுகிறவன், வண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"நல்லதுதானட்டி. ரோடு சுருங்குது, குளம் சுருங்குது, இது ஒண்ணாவது பெருகிட்டுப் போகட்டுமே. ஒனக்கென்ன?"

"பிள்ளை தூரமாப் போறானே."

"தூரமாவா போறான்? பள்ளிக்கூடத்துக்குத்தானட்டி போறான்."

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. மதில் அதே மதில், பால்காரர் சைக்கிளில் இரண்டு நிமிஷத்தில் அதைச் சுற்றி வந்துவிடுவார், ஆனால் கேட்டுக்குள் கால் வைத்தவன் நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். கட்டடம் மைதானத்துக்கு நடுவில் இருந்ததால் பின்பக்கத் தெருவிலிருந்து மதிலேறிக் குதித்தவர்களுக்கும் அதே நடைதான். புகார் போய், சர்வேயர் சங்கிலியோடு வந்தார், வெளியே அளந்தார், இரண்டு ஏக்கர் பதினாறு சென்ட் சரியாக இருந்தது, உள்ளே அளக்கப் போனவர் சாயங்காலம் முள் குத்திய காலோடு திரும்பிவந்து, நேரில் பார்வையிடப்பட்டது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு சோடாக் குடித்து, பஸ் ஏறினார். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த அதிகாரி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார், சிஸ்டர் பதிவேடுகளை அவரிடமே கொண்டுவந்து காட்டினார், கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாக அவர் தூரத்திலிருந்தே எழுதினார். நாலு மணிக்கு அடிக்கிற மணி தெருவுக்கு நாலேகாலுக்கு வந்து சேர்ந்தது, தெருவில் இருந்தவர்கள் நாலேகாலையே நாலு மணியாக வைத்துக்கொண்டு டீக்கடையில் பாலைக் காயவைத்தார்கள். ஊரில் வெயில் அடிக்கும்போது மைதானத்துக்குள் மழை பெய்தது, நனைந்து வந்த பிள்ளைகளை உலர்ந்த தெருவில் துண்டோடு நின்று துவட்டினார்கள். ஆட்டுக்காரர்கள் மேய்க்க விடச்சொல்லிக் கேட்டார்கள், சிஸ்டர் மாட்டேன் என்றார், ஆட்டோக்காரர் உள்ளே ஓட்டக் கேட்டார், அதற்கும் மாட்டேன் என்றார், சைக்கிளில் போனவர்கள் நெருஞ்சி முள்ளில் பஞ்சராகித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கோயில் சபைக்காரர்கள் பாதி வழியில் இரண்டு தண்ணீர்ப்பானை வைத்தார்கள். பிள்ளைகள் எட்டு மணிக்குக் கிளம்பினது போய் ஏழு மணிக்கு, பிறகு ஆறு மணிக்குக் கிளம்பினார்கள், விளக்கு வைக்கிற நேரத்தில் காலுறை நிறைய ஒட்டுப்புல்லோடு வந்தார்கள், அம்மாமார் வாசலில் உட்கார்ந்து அதைப் பொறுக்கி எடுக்கிறதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டார்கள்.

ஊட்டப் போகிறவர்கள் பத்தரைக்கே நடையைக் கட்ட வேண்டியிருந்தது. ரசச் சோறு ஆறிப்போகும், தயிர் புளித்துவிடும் என்று புளியோதரைக்கு மாறினார்கள், எலுமிச்சைச் சாதத்துக்கு மாறினார்கள், பிறகு ஒருத்தி நின்றுவிட்டாள், மறுநாள் நான்கு பேர் நின்றார்கள். கையில் தூக்கைக் கொடுத்து அனுப்பினால் பிள்ளைகள் சிந்தாமல் தின்றுவிட்டுத் தூக்கைக் கழுவியும் கொண்டுவந்தன.

"அடியே, ரெண்டும் தானாத் திங்குதுவ," என்றாள் முப்பிடாதி. "இத்தனை நாளா நம்மளை ஏமாத்தியிருக்காளுவ பாத்துக்க."

ஜெசிந்தா மட்டும் போனாள். காலடி எண்ணி மாளவில்லை என்று ஜெபமாலையால் அளந்தாள், ஒரு முழு ஜெபமாலை முடிய ஒரு தூரம், துக்க தேவரகசியங்கள் ஐந்தும் சொல்லி முடித்து மறுபடி ஆரம்பித்து, புரட்டாசி கழிந்தபோது போக நாலு ஜெபமாலை, வர நாலு ஜெபமாலை என்று ஆகியிருந்தது.

காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோரைக் கேட்டடியில் கூட்டி சிஸ்டர் பெனிட்டா சொன்னார். பிள்ளைகள் பொழுது விடியும் முன்னால் கிளம்பி இருட்டின பிறகு வந்து சேருகிறார்கள், ஆகவே அடுத்த மாதம் முதல் திங்கள் காலையில் வந்தால் வெள்ளி சாயங்காலம் வரை பள்ளிக்கூடத்திலேயே தங்கட்டும், பாயும் தலையணையும் கொடுத்துவிடுங்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை.

"அஞ்சு நாள் என்ன சிஸ்டர், ஆறாவது நாளும் வேணும்னாலும் வச்சுக்கிடுங்க," என்று முப்பிடாதி சொன்னதற்குக் கூட்டம் சிரித்தது.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். "சிஸ்டர், நேவிஸுக்கு மூச்சு இழுக்கும். மருந்து உறிஞ்ச நான் பக்கத்துல இருக்கணும்."

"போன மாசம் ரெண்டு தடவை இழுத்தது," என்றார் சிஸ்டர். "அவனே எடுத்து உறிஞ்சினான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான், எழுந்து போய் விளையாடினான்."

"எங்கிட்ட சொல்லலியே?"

"நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லலையாம்."

வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்செடுத்தாள். நேவிஸ் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, "நான் போகல" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் கோடு போடப் போனான், அப்படி அடக்கமாகச் சொன்னதை மாற்ற முடியாது என்று அவனைப் பெற்றவளுக்குத் தெரிந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில், ஜெசிந்தா வீட்டுக்கு வந்து, நீள நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, வெள்ளை ரப்பரை எடுத்தாள்.

மடத்தில் படித்தவளுக்கு அழிக்கத் தெரியும். அந்தக் காலத்து சிஸ்டர்மார் நோட்டில் ஒரு அழுக்கைக் கண்டால் பக்கத்தையே கிழித்துவிடுவார்கள், ஆகவே காகிதம் மேலெழும்பாமல், பென்சில் தடம் பள்ளமாகக்கூடத் தெரியாமல், ஒரே பக்கமாக, மெதுவாக, ஊதி ஊதி அழிக்கப் பழகியிருந்தாள். எதை முதலில் அழிப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கடிக்கிறது, கொட்டுகிறது, அரிக்கிறது. கண்ணாடிவிரியன் போனது, பூரான் போனது, குளவி, கம்பளிப்பூச்சி, செவ்வெறும்பு போயின. அந்தப் பக்கத்தின் அடியில் நேவிஸ் தானே பார்த்துத் தானே எழுதினது இருந்தது: தேள். முதுகு முழுக்கக் குஞ்சுகள். எண்ணினேன், இருபத்தொன்று. ஒன்று கீழே விழுந்தது. தேள் நின்றது. அது ஏறின பிறகு போனது. அதன் கீழே ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தான். தேள் என்ற சொல்லைக் கண்ட ஜெசிந்தா, பிள்ளை அதன் பக்கத்தில் குனிந்து இருபத்தொன்று வரை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான் என்பதை நினைத்து நினைத்து, அந்த வரிகளை மற்றவற்றைவிடச் சுத்தமாக அழித்தாள். பத்துக் கட்டளைகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள், ரப்பரைப் பற்றி எதிலும் இல்லை.

திங்கட்கிழமை மைதானம் ஒரு ஜெபமாலைத் தூரம் இளைத்திருந்தது. அடுத்த ஞாயிறு இன்னொரு பக்கம், அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று. ஆனால் அவள் அழித்ததைவிட அதிகமாக அது இளைத்தது, ஏனென்றால் கம்பளிப்பூச்சி போனதும் அவள் தொடாத வண்ணத்துப்பூச்சி காணாமல் போனது, விரியன் போனதும் எலி பெருகி ஆள்மட்டத்துப் புல்லின் வேரைத் தின்றது, புல் போனதும் தத்துக்கிளி போனது, தத்துக்கிளி போனதும் கரிச்சான் குருவி போனது, நோட்டில் அவற்றின் பெயர்கள் இருந்தாலும் இடம் அவற்றுக்காக நிற்கவில்லை. கார்த்திகை முடிவதற்குள் பழையபடி நூற்றுப் பன்னிரண்டு காலடி ஆனது, அதற்கும் கீழே இறங்கி நூற்று நாலில் நின்றது. நாலு மணிக்கு அடித்த மணி நாலு மணிக்கே கேட்டது, டீக்கடைக்காரர் பாலை முன்னாலேயே காயவைக்கப் பழகிக்கொண்டார். மைதானம் வளர்ந்தபோது எப்படி வாய் பிளக்கவில்லையோ அப்படியே சுருங்கியபோதும் ஊர் வாய் பிளக்கவில்லை, கறவை வற்றின மாட்டைப் பற்றிச் சொல்வதைப் போல, "வருஷம் முழுக்கவா இருக்கும்" என்று சொன்னார்கள். பாயும் தலையணையும் வீட்டிலேயே இருந்தன. தண்ணீர்ப்பானைகளைக் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். அம்மாமார் மறுபடியும் சூடான ரசச் சோற்றோடு படிகளில் வந்து உட்கார்ந்தார்கள், பிள்ளைகள்தான் வாயைத் திறக்கவில்லை.

"நீயே தின்னும்மா," என்று முப்பிடாதியின் இரட்டைகள் இரண்டும் ஒரே குரலில் சொன்னதை அவள் ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஜெசிந்தாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பிள்ளை நாலு பத்துக்கு வீட்டில் இருந்தான். வந்ததும் தூக்கை வைத்தான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மத்தியானம் அவள் போகும்போதெல்லாம் ஒரு தட்டைக் கல்லைப் புரட்டிவிட்டு அதன் அடியில் இருந்த வெறும் மண்ணைப் பார்த்துக் குத்தவைத்திருந்தான்.

"என்னத்தடா தேடுத, மக்கா?"

"தேள்மா. முதுகுல பிள்ளைங்களோட இருந்துச்சு. பிள்ளைங்க இறங்கிப் போற அன்னைக்கு எழுதணும்னு ஒரு வரி விட்டு வச்சிருந்தேன்."

"போயிருக்கும்."

"எங்க போகும்? இங்கதானே இருந்துச்சு."

அந்த வியாழக்கிழமை வெளி வகுப்பில் எழுத எதுவும் இல்லாமல் பிள்ளைகள் மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரி, பழையதை வாசிப்போம் என்று சிஸ்டர் நோட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாக வெள்ளையாக இருந்தது. யார் அழித்தது என்று சிஸ்டர் கேட்கவில்லை, பிள்ளைகள்தான் கேட்டார்கள், நோட்டு இருந்தது நேவிஸிடம், எல்லாரும் அவனைப் பார்த்தார்கள், நேவிஸ் எழுந்து நின்று, "நான்தான் அழிச்சேன்" என்றான்.

மறுநாள் படியில் முப்பிடாதி சொல்லித்தான் ஜெசிந்தாவுக்கு அது தெரிந்தது. "உம் மவன்தானாம்ளா. எங்க வீட்டு ரெண்டும் அவங்கூடப் பேச மாட்டாளுவளாம். அந்த நோட்டையும் வேற ஒருத்தன்ட்டக் குடுத்தாச்சாம். எதுக்கு அப்படிச் செஞ்சான்?"

ஜெசிந்தா சோற்றை உருட்டினாள். மூன்று வாரமாக வாயைத் திறக்காத நேவிஸ் அன்றைக்குத் திறந்தான். ஒரு உருண்டைக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை, தூக்கு காலியாகும் வரைக்கும் அம்மா வைத்ததை எல்லாம் மென்று விழுங்கினான், பிறகு பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"எம்மா, ரப்பர்த் தூள் ஒங்க சேலையில இருந்துச்சு. அன்னைக்கே பாத்தேன்."

அவள் எச்சில் கையைக் கழுவாமலே எழுந்து சிஸ்டரின் அறைக்குப் போனாள்.

"நான்தான் சிஸ்டர் அழிச்சேன்."

"தெரியும்," என்றார் பெனிட்டா, பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு சுத்தமா அழிக்க வராது."

"எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒரு வரி விடாம எழுதிக் குடுத்திருதேன்."

சிஸ்டர் அந்த வேறொரு பையனிடமிருந்து நோட்டை வாங்கிக் கொடுத்தார். ஜெசிந்தா இரண்டு நாள் உட்கார்ந்து, விரியனும் பூரானும் குளவியும் தேளும், எந்த வரிக்கு எந்த வரி, அப்படியே எழுதினாள். திங்கட்கிழமை எண்ணினாள். நூற்று நாலு. மறுநாளும் எண்ணினாள், நூற்று நாலு. ஞாபகத்திலிருந்து எழுதியதற்கு மைதானம் ஒரு விரற்கடைகூட அசையவில்லை. அப்போதுதான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதவேண்டும் என்ற அந்தப் பழைய சட்டம் அவளுக்கு உறைத்தது, எழுதினதை எல்லாம் தானே மறுபடி அழித்தாள், இந்தத் தடவை கை சுத்தமாக வரவில்லை, பிள்ளைகளின் வகுப்புக்குப் போய் எல்லார் முன்னாலும் நின்று அழித்தது யார் என்று சொன்னாள், சொல்லிவிட்டு மைதானத்தில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டு வேலை முடிந்து பத்து மணிக்கு வருவாள், மணி அடிக்கும் வரை இருப்பாள். ஒன்றும் வரவில்லை. மடத்தில் படித்த பத்து வருஷத்தில் அந்த மண்ணில் எதையும் பிடுங்கத்தான் பழகியிருந்தாளே தவிரப் பார்க்கப் பழகியிருக்கவில்லை. கேட்டோரம் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், பிறகு நிற்காமல் பார்த்தார்கள், பிறகு பார்க்காமல் போனார்கள்.

"என்னளா, மூணாம் வகுப்புல சேந்துட்டியா?" என்று முப்பிடாதி கேட்டாள். "நல்லாப் படி. பரிச்சைக்கு எங்க வீட்டுக் கழுதைகளுக்குப் பக்கத்துல உக்காரு."

ஆறாம் நாள் ஒரு எறும்பு வந்தது, நோட்டைக் கேட்டு வாங்கினாள். எழுதினாள். ஒரு காலடி. மார்கழிப் பனியில் எருக்கு துளிர்த்தது, எருக்கு இலையில் ஒரு புழு, கறுப்பும் மஞ்சளும் வரி வரியாக, தொட்டுவிடுவோமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்து எழுதினாள். நேவிஸ் மத்தியானச் சோற்றைத் தானே தின்றுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், பிறகு இரட்டைகள் வந்தார்கள், பிறகு நோட்டு நேவிஸ் கைக்குத் திரும்பி வந்தது. தையில் புல் வந்தது, தத்துக்கிளி வந்தது, மாசியில் கீரி வந்தது, அதன் பின்னாலேயே ஒரு பாம்பும் வந்தது, அதைப் பார்த்த அன்று இரண்டு எட்டு பின்னால் போய் நின்று எழுதினாள். கோயில்காரர்கள் சொல்லாமலே பானைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தேள் மட்டும் வரவில்லை. எத்தனையோ கல்லைப் புரட்டிப் பார்த்தும் வரவில்லை, நேவிஸ் அதைப் பற்றிப் பிறகு கேட்கவும் இல்லை.

பங்குனி பிறந்தபோது தூரம் மறுபடியும் நாலு ஜெபமாலையைத் தொட்டது. இன்னும் ஒரு பெரிய உயிரை எழுதினால் பிள்ளைகள் இங்கேதான் தங்கவேண்டும் என்று சிஸ்டர் பொதுவாகச் சொல்லிவைத்தார். அந்த வாரம் ஜெசிந்தா நோட்டைத் தொடவில்லை, வெறுமனே வந்து போனாள்.

வியாழக்கிழமை, கேட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், பொட்டலாகக் கிடந்த சரளைக் கற்களின் மேல் நடந்துபோனவளின் தலைக்கு மேல் ஒரு பறவை அலறிக்கொண்டு பாய்ந்தது. ஆள்காட்டிக் குருவி. கண்ணோரம் சிவப்பு, கால் மஞ்சள், இறக்கை அவள் முக்காட்டை உரசும்படி தாழப் பறந்து, திரும்பி, மறுபடி பாய்ந்தது. குனிந்து தலையை மூடிக்கொண்டவள் கீழே பார்த்தாள், தன் செருப்பு நுனிக்கு ஒரு சாண் முன்னால், கல்லோடு கல்லாக, மண் நிறத்தில் கறுப்புப் புள்ளிகளோடு நான்கு முட்டைகள், கூடு கிடையாது, வெறும் தரை. இவ்வளவு பெரிய இடத்தில், மேலே மூடி கிடையாது, சுற்றிலும் அடைப்பு கிடையாது, யார் கால் வேண்டுமானாலும் படலாம். இப்படிப் போட்டு வைக்கிற துணிச்சல் ஒரு தாய்க்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஒரு எட்டு பின்னால் வைத்தாள், அலறியது. இன்னொரு எட்டு வைத்தாள், அலறியது. திரும்பாமல், முட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள், ஒரு இடத்தில் சத்தம் நின்றது, பறவை இறங்கி, நாலாபக்கமும் பார்த்து, முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. அங்கேயே நின்று, வெளி வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளிடம் சொல்லி நேவிஸை வரச்சொன்னாள்.

அவன் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு நோட்டைத் திறந்து அவளிடம் நீட்டினான், புதுப் பக்கம், கோடு போட்டு வைத்திருந்தான்.

"நீங்கதானே பாத்தீங்க. நீங்க எழுதுங்க."

"எழுதுனா தூரம் கூடும், மக்கா. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ராத்திரி நீ அங்கதான் கிடக்கணும்."

"அந்த நாலு முட்டையும் ராத்திரி அங்கதானம்மா கிடக்கு."

அவள் பென்சிலை வாங்கினாள். ஆள்காட்டிக் குருவி, நான்கு முட்டை, தரையில், கிட்டே போனால் கத்துகிறது, தள்ளி நின்றால் உட்காருகிறது என்று எழுதினாள், எழுதி முடித்து நிமிர்ந்தபோது பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரை புல்லுக்குப் பின்னால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது.

திங்கட்கிழமை விடிய, தெரு முழுக்கப் பாயும் தலையணையுமாக இருந்தது. முப்பிடாதி இரண்டு பெட்டிகளை இறக்கிவைத்து, "சண்டை போடாதீங்கடி, போட்டா யாரு விலக்குவா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். ராயப்பன் முதல் நடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, மகனின் பாயை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஜெசிந்தா மூச்சு மருந்தை நேவிஸின் சட்டைப் பையில் வைத்தாள், பையை அழுத்திப் பார்த்தாள், இன்னொரு மருந்தைப் பெட்டியில் வைத்தாள், சொல்லவேண்டியது எவ்வளவோ இருந்தது, அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

"வாரேம்மா," என்றான்.

"போயிட்டு வா."

கேட் திறந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பாயைத் தலையில் வைத்து நடந்தார்கள், வரிசைக்கு முன்னால் நேவிஸ். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்ற ஜெசிந்தாவின் உடம்பு முழுவதும் அந்தச் சரளைப் பொட்டலையே பார்த்துக்கொண்டிருந்தது, பிள்ளைகள் நேராக அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்கள், கத்திக் கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தாள். முன்னால் போனவன் நின்றான், கையை நீட்டிப் பின்னால் வருகிறவர்களுக்கு எதையோ காட்டினான், பிறகு இடது பக்கமாக ஒதுங்கி அகலமாகச் சுற்றினான், அவன் பின்னால் இரட்டைகள் சுற்றினார்கள், அவர்கள் பின்னால் வந்த அத்தனை வெள்ளைச் சட்டைகளும் அதே இடத்தில் வளைந்து, அரைவட்டமாகப் போய், மறுபடி நேராகிப் புல்லுக்குள் இறங்கின. கடைசிப் பிள்ளை கடக்கும்வரை ஆள்காட்டி கத்தவில்லை.